ரிங்டோன்: வாசகர் சந்தேகங்கள்

கேள்வி: நோக்கியா 3310 போனில் நாமே ட்யூன் போட முடியுமாமே, எப்படி?
– வாசகர், திருச்சி

பதில்: முடியும். டோன்ஸ் மெனுவில் 'கம்போசர்' இருக்கும். 1 முதல் 7 வரையுள்ள பட்டன்கள்தாம் ச ரி க ம ப த நி. அப்படியே வரிசையாக அழுத்தினால் சங்கராபரண ராகம். 4, 7 இரண்டையும் விட்டுவிட்டால் மோகனம்! 8 ஸ்வரத்தின் நீளத்தைக் குறைக்கும், 9 கூட்டும், 0 இடைவெளி விடும். நட்சத்திரக் குறி ஸ்தாயியை (மேல், கீழ் சுருதி வரிசையை) மாற்றும். # அழுத்தினால் அரை ஸ்வரம் ஏறும். 3, 7 இரண்டுக்கும் ஏறாது. மொத்தம் 50 ஸ்வரம்தான், அதனால் பல்லவியின் முதல் வரியோடு நிறுத்துங்கள். அந்த போன் ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரத்தை, அதுவும் அசையாமல்தான் ஒலிக்கும். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைப்பது, வராது. ஆகவே கமகத்தை நம்பிய தோடி போன்ற ராகங்களைத் தொடாதீர்கள்; மோகனம், ஹம்ஸத்வனி அழகாக உட்காரும்.

கேள்வி: பிரபலமான அந்த நோக்கியா ட்யூன் யார் இசையமைத்தது?
– வாசகி, தேனி

பதில்: ஸ்பெயின் நாட்டு கிட்டார் கலைஞர் பிரான்சிஸ்கோ தாரேகா. 1902-இல் அவர் எழுதிய 'கிரான் வால்ஸ்' இசையின் ஒரு சிறு பகுதி அது. 1994-இல் வந்த நோக்கியா 2110 மாடலில்தான் முதலில் ரிங்டோனாக ஒலித்தது.

கேள்வி: பிடித்த பாட்டை ரிங்டோனாக வைத்திருக்கிறேன். போன் பைக்குள் இருந்தால் கேட்பதே இல்லை. சில நேரம் தானாகவே பழைய டோன் வந்துவிடுகிறது. ஏன்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பாட்டின் ஆரம்பத்தையே வைத்திருப்பீர்கள். முன்னிசை மெல்ல எழும்பி வருவதற்குள் அழைப்பவர் போனை வைத்துவிடுவார். பாட்டு உச்சத்துக்குப் போகும் இடத்தில் தொடங்கி, 25 விநாடி வெட்டினால் போதும். போனின் குட்டி ஸ்பீக்கரில் கனத்த ஒலி எழாது: மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்), பேஸ் கிட்டார் எல்லாம் காணாமல் போய்விடும். நாகஸ்வரம், புல்லாங்குழல், பெண் குரல் பைக்குள்ளிருந்தும் கேட்கும்.

டோன் மாறுவதற்குப் பெரும்பாலும் மெமரி கார்டுதான் காரணம். பாட்டு அதில் இருந்து, கார்டைக் கழற்றினாலோ கோப்பை வேறு இடத்துக்கு நகர்த்தினாலோ போன் தன் சொந்த டோனுக்குத் திரும்பிவிடும். வெட்டிய துண்டை போனின் உள் நினைவகத்தில் 'ரிங்டோன்ஸ்' ஃபோல்டரில் போடுங்கள். பிறகு செட்டிங்ஸில் 'சவுண்ட்' பகுதிக்குப் போய், அந்தத் துண்டைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு சிம் இருந்தால், பல போன்களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வைக்க வேண்டும்.