தண்டவாளத்தின் ஓரத்தில் வேலை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: ரயில் வரும் சத்தம் கேட்டதும் விலகிக்கொண்டால் போதாதா, ஐயா?

பதில்: போதாது. இடைவெளியின்றிப் பற்றவைத்த தண்டவாளத்தில் பழைய தடதடப்பு எழுவதில்லை. மின்சார எஞ்சினின் இரைச்சலும் குறைவு. உங்கள் பக்கமிருந்து ரயிலை நோக்கிக் காற்று வீசினால், அல்லது அருகில் ஒருவர் ஜல்லி கொத்திக்கொண்டிருந்தால், இருக்கிற சத்தமும் காதில் விழாது.

கேள்வி: அப்படியானால் எவ்வளவு தூரத்தில் ரயில் கண்ணில் பட வேண்டும்?

பதில்: வேலை தொடங்குமுன் ஒருமுறை விலகிப் பார்த்து நேரத்தை அளந்துகொள்ளுங்கள். கருவியை எடுத்துக்கொண்டு பாதுகாப்பான இடத்தை அடைய, குழுவிலேயே மெதுவாக நடப்பவருக்கு 15 நொடி ஆகிறது என்று கொள்வோம்; ரயில் வந்து சேர்வதற்குக் குறைந்தது 10 நொடி முன்பே அனைவரும் அங்கே நின்றிருக்க வேண்டும் என்பதால், தேவை 25 நொடி. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் அதற்குள் ஏறத்தாழ 835 மீட்டரைக் கடந்துவிடும். வளைவோ மூடுபனியோ அந்தத் தூரத்தை மறைத்தால், போக்குவரத்தை நிறுத்திய பிறகே வேலை செய்ய வேண்டும். ரயிலைக் கவனித்து எச்சரிப்பவரிடம் ‘ஒரு கை பிடியுங்கள்’ என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அவருக்கு வேறு வேலையே இருக்கக் கூடாது.

கேள்வி: ஓட்டுநர் எங்களைப் பார்த்தால் பிரேக் போட மாட்டாரா?

பதில்: போடுவார், ஆனால் வேகமாக வரும் ரயில் நிற்பதற்கு ஒரு கிலோமீட்டர்கூட ஓட நேரிடும்.

கேள்வி: இரட்டைப் பாதையில் ஒரு ரயில் போனதும் வேலைக்குத் திரும்பலாமா?

பதில்: எனக்கு மிகவும் அச்சம் தருவது அந்தக் கணம்தான். கடைசிப் பெட்டி கடந்ததும், விட்டுவந்த மண்வெட்டியை எடுக்க என் சக பணியாளர் ஒருவர் காலடி எடுத்து வைத்தார். மறுபாதையில் எதிர்த்திசை ரயில் வந்துகொண்டிருந்ததை முதல் ரயில் கண்ணுக்கும் காதுக்கும் மறைத்திருந்தது. சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். இரு பாதைகளையும் பார்த்து, எச்சரிப்பவர் அனுமதி தந்த பிறகே நகருங்கள். இரண்டு பாதைகளுக்கு நடுவே ஒதுங்கி நிற்கவும் வேண்டாம்.

கேள்வி: மேலே செல்லும் மின்கம்பியைத் தொடாமல் இருந்தால் ஆபத்தில்லையே?

பதில்: 25,000 வோல்ட் கம்பியிலுள்ள மின்சாரம், தொடாமலேயே இடைவெளியைத் தாண்டிப் பாயக்கூடியது. ஏணியையும் நீண்ட குழாயையும் இருவர் சேர்ந்து படுக்கைவாட்டில் தூக்கிச் செல்லுங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, கம்பியை நிலத்தோடு இணைத்து, எழுத்தில் அனுமதி கிடைக்கும்வரை அதில் மின்சாரம் ஓடுவதாகவே கருத வேண்டும்.

கேள்வி: தண்டவாளத்தின் மேல் மிதித்துக் கடக்கலாமா?

பதில்: கூடாது, ஈரத்தில் வழுக்கும், தாண்டிச் செல்லுங்கள். பாதை பிரியும் இடத்தில் நகரும் தண்டவாளங்களுக்கு நடுவே கால் வைக்கவே வேண்டாம். அவற்றைத் தொலைவிலிருந்து இயக்குபவருக்கு உங்கள் கால் அங்கிருப்பது தெரியாது.