பில்லில் ‘ஸ்க்ரூ’ என்று போட்டிருக்கிறது, ஊஞ்சல் தாங்குமா?

கேள்வி: கும்பகோணத்தில் பாட்டி வீட்டில் இருந்த தேக்குப் பலகை ஊஞ்சலைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து, பால்கனியில் இரும்பு ஸ்டாண்டு செய்து மாட்டியிருக்கிறோம். கோட்டேஷனில் ‘எம்12 போல்ட்’ என்று இருந்தது. பில்லில் ‘ஹெக்ஸ் ஸ்க்ரூ 16’ என்று இருக்கிறது. ‘ஸ்க்ரூ எடை தாங்காது, உங்களை ஏமாற்றிவிட்டார்கள்’ என்கிறார் மேல்வீட்டுக்காரர். ‘ரெண்டும் ஒண்ணுதான்மா, சந்தேகமா இருந்தா நட்டைச் சேர்த்து வெல்டு வெச்சுடறேன்’ என்கிறார் வெல்டிங் பட்டறைக்காரர். பிள்ளைகள் ஆடும் ஊஞ்சல். பதினாறையும் மாற்ற வேண்டுமா? படங்கள் இணைத்திருக்கிறேன். (வாசகி, ராமமூர்த்தி நகர், பெங்களூரு)

பதில்: பதினாறையும் மாற்ற வேண்டாம் அம்மா. நாலை மட்டும் மாற்றுங்கள். அந்த நாலு மாறும்வரை ஊஞ்சலில் யாரும் உட்கார வேண்டாம். வெல்டு வைக்கவே விடாதீர்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இரண்டு தகட்டிலும் மரை (சுற்றிச் சுற்றி ஓடும் திருகு வரி) இல்லாத துளை போட்டு, இந்தப் பக்கம் நுழைத்து, அந்தப் பக்கம் நட்டைத் திருகி இறுக்கினால் அது போல்ட். நட்டே இல்லாமல், தலையைத் திருகி, துளைக்குள் வெட்டியிருக்கும் மரையில் ஏற்றினால், அல்லது மரத்தில் தானே மரை வெட்டிக்கொண்டு ஏறினால், அது ஸ்க்ரூ. நட்டைத் திருகுகிறோமா, தலையைத் திருகுகிறோமா, அவ்வளவுதான். படிக்கும் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லித் தருகிறோம்.

ஆனால் பில் எழுதுகிறவர் பார்ப்பது இதை அல்ல. ஐ.எஸ். 1364 என்ற இந்திய தர நிர்ணயத்தில் முதல் பகுதி அறுகோணத் தலை போல்ட்டுக்கு, இரண்டாம் பகுதி அறுகோணத் தலை ஸ்க்ரூவுக்கு. இரண்டுக்கும் தலை ஒன்று, மரை ஒன்று, ஸ்பேனர் ஒன்று. தலைக்குக் கீழே கொஞ்ச தூரம் மரையில்லாத வழவழப்பான தண்டு இருந்தால் அதன் பெயர் போல்ட். தலைவரைக்கும் மரை ஓடினால் ஸ்க்ரூ. எஸ்.பி. ரோடு கடைகளில் இதையே ‘ஹாஃப் த்ரெட்’, ‘ஃபுல் த்ரெட்’ என்பார்கள். உங்கள் படத்தில் இருப்பது ஃபுல் த்ரெட். ஆக, பில் போட்டவர் பொய் எழுதவில்லை. கோட்டேஷன் எழுதியவர்தான் எது என்று சொல்லாமல் பொதுவாக ‘போல்ட்’ என்று எழுதிவிட்டார்.

இந்தப் பெயர்ச் சண்டையில் எனக்கு நிறைய ஆதங்கம் உண்டு. வரிக் குறியீட்டைப் பாருங்கள்: மர ஸ்க்ரூவுக்கு ஒரு எண், தானே மரை வெட்டும் ஸ்க்ரூவுக்கு ஒரு எண், நம்முடைய போல்ட், ஸ்க்ரூ இரண்டையும் மட்டும் 7318 15 என்று ஒரே தலைப்பில் போட்டுவிட்டார்கள். தர நிர்ணயம் பிரிக்கிறது, வரித்துறை சேர்க்கிறது, கடைக்காரர் மூன்றாவதாக ஒரு பெயர் வைக்கிறார். பீன்யாவில் நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில், ஆர்டரில் ‘போல்ட்’, பில்லில் ‘ஸ்க்ரூ’ என்ற ஒரே காரணத்துக்காக ஒரு லோடு சரக்கைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். எங்களுக்குத் தேவையும் ஃபுல் த்ரெட்தான், வந்ததும் ஃபுல் த்ரெட்தான். பெட்டியைத் திறந்து ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க ஆள் இல்லை. மூன்று நாள் மெஷின் நின்றது. உங்கள் மேல்வீட்டுக்காரர் செய்வதும் அதைத்தான்: காகிதத்தைப் பார்க்கிறார், பொருளைப் பார்க்கவில்லை.

சரி, தாங்குமா? எடை ஒரு பிரச்சினையே இல்லை. நட்டுப் போட்டு இறுக்கிய எந்த ஸ்க்ரூவும் போல்ட் வேலையைத்தான் செய்கிறது. எம்12 என்றால் 12 மி.மீ. கம்பி, மரையின் பள்ளத்தில் அளந்தால் சுமார் 10 மி.மீ. தேறும். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் பரப்பு, வழவழப்பான தண்டில் 113 சதுர மி.மீ., மரை இருக்கும் இடத்தில் 84. கால்வாசி குறைகிறதே என்று பயப்பட வேண்டாம். சாதாரண மைல்டு ஸ்டீலில், மரை உள்ள இடத்தில் கத்தரிக்கோல் போல வெட்டும் விசை வந்தால்கூட, பாதுகாப்புக் கழிவெல்லாம் போக ஒன்றரை டன் தாங்கும். பலகையோடு மூன்று பேர் என்றால் 240 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக வீசி ஆடும்போது அது இரட்டிப்பாகும். நாலு சங்கிலிக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 120 கிலோ. ஸ்டாண்டின் கால்களையும் மேல் உத்தரத்தையும் இணைக்கிற பன்னிரண்டும் அப்படியே இருக்கட்டும்.

இனி அந்த நாலு. உத்தரத்தின் அடியில் நாலு இடத்தில் இரண்டிரண்டு தகடு பற்றவைத்து, நடுவே போல்ட்டை ஓட்டி, அதில் சங்கிலி வளையத்தைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வளையம் உட்காரும் இடத்தில் மட்டும் மரையின் முனைகள் மழுங்கிப் பளபளவென்று வெள்ளையாகத் தெரிகின்றன. மாட்டி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. மற்ற இடமெல்லாம் கறுப்பாக இருக்க, அங்கே மட்டும் தேய்ந்திருக்கிறது.

கால்களில் இருக்கும் போல்ட் அசையாது. இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அதன் வேலை. இந்த நாலு அப்படியல்ல, கீலின் அச்சாணி மாதிரி. வளையம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதன்மேல் முன்னும் பின்னும் உரசும். வழவழப்பான தண்டாக இருந்தால் வளையம் வழுக்கிக்கொண்டு போகும். மரையாக இருந்தால் அரம் மாதிரி வளையத்தை அராவும், வளையம் மரையை அராவும். அதோடு, ஒவ்வொரு உரசலும் போல்ட்டைக் கொஞ்சம் திருப்பப் பார்க்கும். நட்டு நாளடைவில் தளரும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, இரும்பு இப்படி வளைந்து வளைந்து களைத்துப்போகும்போது விரிசல் விடுகிற முதல் இடம் மரையின் பள்ளம்தான். இன்றைக்கு உடையாது, நாளைக்கும் உடையாது. என்றைக்கோ ஒருநாள், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் உடையும். அதனால்தான் யாரும் உட்கார வேண்டாம் என்றேன்.

என்ன வாங்குவது? உங்கள் அளவுப்படி தகடு ஒவ்வொன்றும் 6 மி.மீ., நடுவில் இடைவெளி 20. மொத்தம் 32. கடையில் ‘எம்12, 65 நீளம், ஹாஃப் த்ரெட், 8.8’ என்று கேளுங்கள். இந்த அளவில் மரை 30 மி.மீ. ஓடும், தண்டு 35 மிஞ்சும். தலைப் பக்கம் ஒரு வாஷர், நட்டுப் பக்கம் ஒரு வாஷர் போட்டால் வளையமும் இரண்டு தகடும் தண்டின் மேலேயே உட்காரும். மரை வாஷருக்குள்தான் தொடங்கும். ‘65 இல்லை, 75 எடுத்துக்கோங்க’ என்பார்கள். 75-இல் தண்டே 45 இருக்கும். நட்டு மரை முடிகிற இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும், இறுகின மாதிரி தெரியும், இறுகியிருக்காது. 50 தந்தால் தண்டு 20-தான், பழைய கதையே.

தலையில் 8.8 என்ற எண்ணும், பக்கத்தில் தயாரித்தவரின் முத்திரையும் புடைப்பாக இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் எடுங்கள். 8.8 என்றால் சதுர மி.மீ.க்கு 800 நியூட்டன்வரை இழுத்தால்தான் அறும் என்று கணக்கு, சாதாரண 4.6-க்கு அது 400. தலை மொட்டையாக இருந்தால், கடைக்காரர் எத்தனை தடவை ‘ஹைடென்சில்’ (அதிக இழுப்பைத் தாங்கும் இரும்பு) என்று சத்தியம் செய்தாலும் அது மைல்டு ஸ்டீல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு நிறத்தைக் காட்டி ஹைடென்சில் என்று விற்கிறார்கள். எந்த இரும்பையும் கறுப்பாக்கலாம். இதில் கடைக்காரரைவிட இன்டீரியர் கான்ட்ராக்டர்களைத்தான் நான் அதிகம் கண்டிக்கிறேன். போல்ட்டைக் கிலோக் கணக்கில் வாங்கி, எண்ணிக்கைக் கணக்கில் நம்மிடம் பில் போடுகிறார்கள். அந்தக் கிலோவில் பழைய ஸ்கிராப்பிலிருந்து பொறுக்கியதும் கலந்திருக்கும். மரப்பலகைக்கும் லேமினேட்டுக்கும் பிராண்டு கேட்டுச் சண்டை போடுகிற நாம், உயிரைத் தாங்குகிற போல்ட்டுக்கு ஒரு வார்த்தை கேட்பதில்லை. நீங்களே போய் வாங்குங்கள். ஒரு மசாலா தோசை விலைக்கு நாலும் வந்துவிடும்.

நட்டையும் அங்கேயே, போல்ட்டில் ஏற்றிப் பார்த்து வாங்குங்கள். பட்டறைகளில் இன்னும் ‘நாலு நூல் நட்டு’ என்று கேட்பார்கள். நாலு நூல் என்றால் அரை இஞ்ச், 12.7 மி.மீ.; மரையின் இடைவெளியும் வேறு. அதை எம்12-இல் போட்டால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், அப்புறம் சிக்கும். இறுகிவிட்டது என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டு முறுக்குவார்கள், மரை போய்விடும். சரியான நட்டு கையாலேயே கடைசிவரை ஓட வேண்டும். சோதித்த பிறகு, உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டு எம்12-இல் நாலு வாங்குங்கள். அதன் கடைசிப் பகுதி மட்டும் கைக்கு ஏறாது, ஸ்பேனர் வேண்டும். அது அதன் குணம். தகடுகள் உள்ளே வளையாத அளவுக்கு இறுக்கினால் போதும். மரை நட்டைத் தாண்டி வெளியே தெரிய வேண்டும். ஒருமுறை கழற்றிய நைலாக் நட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

வெல்டு பற்றி. ‘ஒரு டேக் வெச்சுடறேன்’ என்பது பட்டறைக்காரர்களுக்குக் கைவந்த மருந்து. 8.8 போல்ட்டுக்கு அந்த பலம் வந்ததே சூடாக்கிக் குளிரவைத்துப் பதப்படுத்தியதால்தான். வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். அதோடு, தேய்ந்ததா என்று பிறகு கழற்றிப் பார்க்கவும் முடியாது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ‘ஸ்க்ரூ என்றால் ஃபுல் த்ரெட்’ என்று நான் சொன்னதை வைத்துக்கொண்டு கடையில் மாட்டிக்கொள்ளாதீர்கள். உருண்டைத் தலையில் ஆறு மூலைக் குழி வைத்து, எல்-சாவியால் திருகுவதை நாம் ஆலன் போல்ட் என்கிறோம். தர நிர்ணயத்தில் அதன் பெயர் ஸ்க்ரூ. ஆனால் நீளம் கூடினால் அதில் மரையில்லாத தண்டு உண்டு! பெயர் ஸ்க்ரூ, உடம்பு போல்ட். அதனால் ஹாஃப் த்ரெட் ஹெக்ஸ் கிடைக்காமல் ‘ஆலன் இருக்கு, எடுத்துக்கோங்க’ என்றால், பெயரைப் பார்த்து மறுக்க வேண்டாம். தண்டு எவ்வளவு நீளம் என்று ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். எம்12-இல் ஆலனுக்கு மரை 36 மி.மீ. ஓடும், ஹெக்ஸைவிட 6 அதிகம். ஆகவே 65 போதாது, 70 வேண்டும். பட்டறையில் சேர்ந்து ஆறு மாதமான பையன்கூட இதில் தடுமாறுவான். நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பலகையின் நாலு மூலையிலும் கொக்கிகளை எப்படிப் பிடித்திருக்கிறார்கள்? படத்தில் மேல்பக்கம்தான் தெரிகிறது. பாட்டி காலத்தில் கம்பி பலகையைத் துளைத்துக் கீழே இறங்கி, அடியில் பட்டை வைத்து முடிந்திருக்கும். அது அப்படியே இருந்தால் தொடாதீர்கள். தச்சர் ‘பழசு ஆடுது’ என்று அதை எடுத்துவிட்டு, மேலிருந்து மரத்தில் ஏறுகிற கொக்கி ஸ்க்ரூவைப் போட்டிருந்தால், அங்கே உண்மையிலேயே ஸ்க்ரூ ஆகாது. சங்கிலி மேலே இழுக்கிற ஒவ்வொரு தடவையும் அது மரத்தின் நாரை மட்டுமே நம்பிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தேக்கானாலும், வருடம் போகப்போக அந்த மரை மாவாகும். பலகையைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். நாலு மூலையிலும் கீழே நட்டும் அகலமான வாஷரும் தெரியவில்லை என்றால், துளையை முழுதாக இறக்கி, மரை போட்ட கண் கொக்கியை ஓட்டி, அடியில் அகல வாஷர் வைத்து நட்டுப் போடச் சொல்லுங்கள். அதை முடித்தபின் பிள்ளைகளை ஏற்றுங்கள். மாதம் ஒருமுறை மேலே அந்த நாலு தண்டிலும் விரல் நுனியளவு கிரீஸ் தடவிவிடுங்கள்.