கோத்தகிரி வீட்டுப் பின்னால் வந்த விரிசல்: பதில்

நீங்களும் அம்மாவும் இருக்கும் வீட்டுக்குப் பின்னாலுள்ள மேட்டில் மழைக்கு அப்புறம் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விழுந்திருக்கிறது, போன மாதம் நிலம் லேசாக ஆடியதே, அதனாலா என்று கேட்டிருக்கிறீர்கள். லேசான அதிர்வை விட மழைதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். 2009 நவம்பரில் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட சரிவுகள் மழையால் வந்தவைதான். மண்ணுக்குள் இறங்கிய நீர் துகள்களைத் தள்ளி விலக்கி, பிடிப்பைத் தளர்த்திவிடும்.

பெரிய நிலநடுக்கம் என்றால் கதை வேறு. சீனாவின் வென்சுவானில் 2008 மே மாத நடுக்கம் மலைகளை உலுக்கிப் போட்டது. தளர்ந்து கிடந்த அந்த மண்ணும் பாறையும் 2010 ஆகஸ்ட் மழையில் சேறாக இறங்கி ஊர்களுக்குள் புகுந்தன.

சரி, இப்போது செய்ய வேண்டியது: விரிசலின் இரு பக்கமும் முளை அடித்து இடைவெளியைத் தினமும் அளந்து குறியுங்கள். விரிசலைத் தார்ப்பாயால் மூடி, மேலிருந்து வரும் நீரையும் குளியலறைக் கழிவுநீரையும் வேறு பக்கம் திருப்புங்கள். நீங்களே மண்ணை வெட்டிச் சரிசெய்ய மட்டும் இறங்காதீர்கள், அடிவாரத்தை வெட்டுவது ஆபத்து. கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்; மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077க்கும் சொல்லுங்கள்.

இடைவெளி கூடினாலோ, ஊற்று திடீரெனக் கலங்கினாலோ, கதவு இறுகினாலோ, பேச்சே வேண்டாம், அம்மாவை அழைத்துக்கொண்டு உடனே வெளியேறிவிடுங்கள். கனமழை எச்சரிக்கை உள்ள இரவுகளில் அந்த வீட்டில் தூங்கவே வேண்டாம். முளை அளவுகளை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.