பிடி 500 தெளித்தால் மேய்ச்சல் நிலம் தேறிவிடுமா?

கேள்வி: மூன்று ஏக்கர் மேய்ச்சல் நிலமும் ஐந்து மாடுகளும் வைத்திருக்கிறேன். புல் திட்டுத் திட்டாக மஞ்சளாகிறது. மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் தேங்குகிறது. உயிராற்றல் (பயோடைனமிக்) வேளாண்மைக்கான பிடி (BD) 500, அதோடு 502 முதல் 507 வரை எண்ணிட்ட மூலிகைத் தயாரிப்புகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தருவதாக ஒருவர் சொல்கிறார். ‘இதைத் தெளித்தால் எருவே போட வேண்டாம்’ என்கிறார். வாங்கலாமா?

பதில்: எருவே வேண்டாம் என்று சொல்கிறவரிடம் எதையும் வாங்காதீர்கள். அவருக்குத் தன் சரக்கு என்னவென்றே தெரியவில்லை, அல்லது தெரிந்தே பொய் சொல்கிறார்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பிடி 500 என்பது மாட்டுக் கொம்பில் சாணத்தை அடைத்து, குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து எடுப்பது. ஏக்கருக்கு ஏறக்குறைய 25 கிராம் போதும் என்பார்கள். உங்கள் மூன்று ஏக்கருக்கு 75 கிராம். உங்கள் ஐந்து மாடுகளும் ஒரு நாளில் போடும் சாணமோ பல பத்துக் கிலோ இருக்கும். 75 கிராமில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) எந்தப் புல்லின் பசியையும் ஆற்றாது. இந்த முறையை 1924-ல் எட்டு உரைகளில் எடுத்துச் சொன்ன ருடால்ஃப் ஸ்டைனரே, 502 முதல் 507 வரையான ஆறையும் எருக் குவியலில் இடுவதற்கென்றுதான் சொன்னார். குவியல் இல்லாமல் அவற்றுக்கு வேலையே இல்லை.

முதலில் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போங்கள். ஒரு சாண் ஆழத்துக்கு மண்கட்டியைப் பெயர்த்து, பக்கவாட்டில் உடைத்துப் பாருங்கள். வேர்கள் நாலு விரல் ஆழம் வரை நேராக இறங்கி, அங்கிருந்து படுக்கையாகத் திரும்பியிருந்தால் மண் இறுகிக் கிடக்கிறது. ஈரத்தில் மாடுகளை விட்டதுதான் பெரும்பாலும் காரணம். தண்ணீர் தேங்குவதும் அதனால்தான். அப்புறம் மஞ்சள் திட்டுகளுக்கு நடுவே வட்ட வட்டமாகக் கரும்பச்சைப் புல் தெரிகிறதா? மாடு மூத்திரம் விட்ட இடம் அது. அங்கே மட்டும் செழிக்கிறது என்றால் மற்ற இடத்தில் தழைச்சத்து இல்லை. இதைக் கண்டுபிடிக்க எந்தப் பெட்டியும் வேண்டாம்.

மண் பரிசோதனையும் செய்யுங்கள். கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு இடாமல் எதுவும் சரியாகாது. பரிசோதனைக் கூடங்களோடு எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. மேய்ச்சல் நிலம் என்று எழுதிக் கொடுத்தாலும் ஏதோ ஒரு பயிருக்கான உர அளவை அச்சடித்துத் தருகிறார்கள். மழை போய், புல் போய், அதற்கப்புறம் தாள் வருகிறது. பரிந்துரையை விட்டுவிடுங்கள். அமில நிலை, மணிச்சத்து (பாஸ்பரஸ்), கரிமச்சத்து மூன்றையும் மட்டும் பாருங்கள்.

சரி, தயாரிப்புகளால் பலனே இல்லையா? வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2000-ல் வெளிவந்தன. தயாரிப்பு இட்ட குவியல் எட்டு வாரம் சராசரியாக 3.4 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூட்டில் இருந்தது. ஆனால் அந்தக் குவியல் மக்கிக் கிடைத்த எருவை, அதாவது மக்கை, வயலில் போட்டபோது, தயாரிப்பு இடாத மக்குக்கும் இதற்கும் மண்ணில் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டுமே மண்ணை மேம்படுத்தின. ஆகவே மண்ணைத் தேற்றுவது மக்குதான். விற்பவர்கள் சுவிட்சர்லாந்தில் 1978 முதல் நடக்கும் நெடுங்காலச் சோதனையைக் காட்டுவார்கள். அது முழு விவசாய முறைகளை ஒப்பிடும் சோதனை. இந்தத் தயாரிப்புகளை மட்டும் தனியே பிரித்துச் சோதித்தது அல்ல.

நான் இவற்றைப் பயன்படுத்துகிறேன். இவற்றைக் கையில் எடுத்தவர்கள் குவியலைக் கவனமாகப் போடுகிறார்கள், அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். நீங்களும் பயன்படுத்தலாம். சாணத்தையும் காய்ந்த வைக்கோல், சருகையும் மாற்றி மாற்றி அடுக்கி, இடுப்பளவுக்கு மேல் உயர்த்துங்கள். அதில் ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். குவியலின் பக்கவாட்டில் ஒரு முழ ஆழத்துக்கு ஐந்து துளை போட்டு 502 முதல் 506 வரை ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு கிராம். 507 வலேரியன் பூச்சாறு. அதைத் தண்ணீரில் கலக்கிப் பாதியைத் தனியாக ஒரு துளையில் ஊற்றி, மீதியை மேலே தெளியுங்கள்.

முதிர்ந்த மக்கில் இவற்றை இட்டுப் பயனில்லை. பலர் மூட்டை மக்கை வாங்கி அதில் இட்டுக் காசைக் கரைக்கிறார்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு, தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள். மக்கு முதிர்ந்ததுபோலத் தெரிந்து, உண்மையில் ஈரம் வற்றியதால் மட்டும் ஆறிப்போயிருக்கலாம். ஒரு இரும்புக் கம்பியை நடுவில் செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். கம்பி குளிர்ந்திருந்தால் குவியலைப் புரட்டித் தண்ணீர் தெளித்து மூடுங்கள். நாலைந்து நாள் கழித்து மறுபடி செருகுங்கள். பிடிக்க முடியாத சூடு வந்தால் அது இன்னும் வேகாத குவியல். அதில் தாராளமாக இடலாம். வெதுவெதுப்பு மட்டும் என்றால் இன்னொரு முறை புரட்டிப் பாருங்கள். அப்போதும் சூடு ஏறாவிட்டால் அது முடிந்த மக்கு, நேராக நிலத்துக்குக் கொண்டுபோங்கள்.

பிடி 500 வாங்கினால் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள். கருத்து, களிமண் போல உருள வேண்டும். சாண நாற்றம் இருக்கக் கூடாது. காய்ந்த பொடியாகவோ புட்டியில் ‘செறிவூட்டிய திரவமாக’வோ தந்தால் வேண்டாம். இடைத்தரகர் கைமாறிக் கைமாறி வெயிலில் கிடந்த சரக்கு அது. நேரடியாகத் தயாரிக்கும் விவசாயியிடம் வாங்குங்கள், அல்லது உங்கள் மாட்டுச் சாணத்தைக் கொம்பில் அடைத்து நீங்களே புதையுங்கள். ‘பெட்டி வாங்கினால் இயற்கை விவசாயச் சான்றிதழும் வாங்கித் தருகிறேன்’ என்பவர் இன்னும் ஆபத்து. என் நிலத்துக்கு வந்த ஆய்வாளர் ரசீதுகளை ஒரு மணி நேரம் புரட்டினார், ஒரு பிடி மண்ணைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை. தாளைக் காட்டினால் போதும் என்று முறை இருக்கும்வரை இந்தத் தரகர்களும் இருப்பார்கள்.

மக்கை மாடுகள் மேய்ந்து போன மறுநாள் மெல்லிய படலமாகத் தூவுங்கள். புல் ஒரு சாண் உயர்ந்த பிறகே மறுபடி மாடுகளை விடுங்கள். நாலு விரல் உயரத்துக்குக் கீழே மேய விடாதீர்கள். 500-ஐ ஏக்கருக்கு 15 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில், நடுவில் குழி விழும் அளவுக்கு ஒரு பக்கம் சுழற்றி, உடனே எதிர்ப்பக்கம் திருப்பி, ஒரு மணி நேரம் கலக்கி, சாயங்காலம் ஈர மண்ணில் பெரிய துளிகளாகத் தெளியுங்கள். குளோரின் கலந்த தண்ணீர் என்றால் முந்தின இரவே திறந்து வைத்துவிடுங்கள்.

நிலத்தின் நடுவில் பத்தடி அகலப் பட்டை ஒன்றுக்கு நாலு மூலையிலும் குச்சி நட்டு, மக்கு மட்டும் போட்டு, 500 தெளிக்காமல் விடுங்கள். ஒரு வருடம் கழித்து பட்டைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவு மண்ணை வெட்டி, மண்புழுக்களை எண்ணி எழுதி வையுங்கள். அடுத்த பெட்டியை அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.