அமைதியான சுபாவம் ஆசிரியப் பணிக்குப் பொருந்தாதா?

கேள்வி: நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பதினொரு ஆண்டுகளாக அறிவியல் பட்டதாரி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். அதிகம் பேசும் இயல்பு எனக்கு இல்லை. மாலையில் வீடு திரும்பும்போது யாரிடமும் ஒரு வார்த்தை பேசத் தெம்பிருப்பதில்லை. என்னோடு பணியில் சேர்ந்த தோழியோ ஆண்டுவிழா, பெற்றோர் கூட்டம் என எதிலும் உற்சாகமாக இருக்கிறார். இணையத்தில் ஓர் ஆளுமைத் தேர்வு எழுதிப் பார்த்தேன். என் போன்றவர்களுக்கு ஆசிரியப் பணி பொருந்தாது என்று வந்தது. வேறு வேலைக்கு முயல்வதா, வேறு பள்ளிக்கு மாறுதல் கேட்டால் போதுமா?

பதில்: அந்த இணையத் தேர்வை முதலில் ஒதுக்கி வையுங்கள். மனிதர்களை INFJ, ESTP என்பது போன்ற நான்கெழுத்து வகைகளாகப் பிரிக்கும் தேர்வுகளைச் சில வாரங்கள் கழித்து மீண்டும் எழுதுவோரில் கணிசமானோர் வேறொரு வகைக்குள் போய் விழுகிறார்கள். ஆளுமை ஆய்வாளர்கள் பெரும்பாலும் கையாள்வது ஐந்து கூறுகளைக் கொண்ட அளவீட்டை: எளிதில் கலங்கும் தன்மை, பிறரோடு கலந்து பழகும் புறமுகத் தன்மை, பொறுப்புணர்வு, இணக்கம், புதியவற்றை ஏற்கும் மனம். இவை ஒருவரை அடைத்துவைக்கும் பெட்டிகள் அல்ல. உயரம், எடை போல எல்லோரிடமும் கூடியும் குறைந்தும் இருப்பவை.

இந்த ஐந்துக்கும் பணி மனநிறைவுக்கும் உள்ள தொடர்பைப் பல தொழில்களில் எடுக்கப்பட்ட 163 மாதிரிகளிலிருந்து தொகுத்து, திமத்தி ஜட்ஜ், டேனியல் ஹெல்லர், மைக்கேல் மவுண்ட் ஆகியோர் 2002ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியிட்டனர். கலங்கும் தன்மைக்கு எதிர்மறையாக 0.29, பொறுப்புணர்வுக்கு 0.26, புறமுகத் தன்மைக்கு 0.25, இணக்கத்துக்கு 0.17, புதியவற்றை ஏற்கும் மனத்துக்கு வெறும் 0.02 எனத் தொடர்பெண்கள் கிடைத்தன (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு; எதிர்மறை என்றால் ஒன்று கூடும்போது மற்றது குறைகிறது). புறமுகத் தன்மையின் 0.25ஐ வர்க்கப்படுத்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு வரும். அதாவது, மனநிறைவில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் அந்த அளவு மட்டுமே ஒருவர் எவ்வளவு கலகலப்பானவர் என்பதோடு சேர்ந்து நகர்கிறது. ஐந்து கூறுகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் 17 விழுக்காட்டைத் தாண்டவில்லை. உங்கள் தோழியின் உற்சாகத்துக்கும் உங்கள் களைப்புக்கும் உள்ள முழு இடைவெளியையும் சுபாவத்தின் கணக்கில் எழுத இந்த எண்கள் இடம்தரவில்லை.

களைப்பும் அதிருப்தியும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கனடா நாட்டு உளவியலாளர் பிரையன் லிட்டில் மாணவர்களைக் கட்டிப்போடும் பேச்சுக்குப் பெயர்பெற்ற பேராசிரியர். சுபாவத்தால் மிக அமைதியானவர். ஒரு ராணுவக் கல்லூரியில் காலை உரையை முடித்தபின் மதிய விருந்துக்கு அழைத்தபோது, ஆற்றில் செல்லும் கப்பல்களைப் பார்க்க விருப்பம் என்று சொல்லி நழுவிவிடுவாராம். பிறகு கழிவறைக்குள் ஒளிந்துகொண்டதும் உண்டென்று அவரே சொல்லியிருக்கிறார். தாம் நேசிக்கும் ஒன்றுக்காக மனிதர்கள் தம் இயல்பை மீறி நடக்க முடியும், ஆனால் அதன்பின் மீண்டுவர ஓர் இடம் வேண்டும் என்பது அவருடைய கருத்து. உங்களுக்கு அந்த இடம் ஓய்வுப் பாடவேளையாக இருக்கலாம். ஆசிரியர் அறையின் அரட்டையில் உட்காருவதைவிட, வாரத்தில் மூன்று நாளாவது ஆய்வகத்திலோ நூலகத்திலோ அதைக் கழித்துப் பாருங்கள். திமிர் என்று யாரேனும் பேசினால் பேசட்டும்.

அடுத்து, சற்றுச் சங்கடமான விஷயம். சுபாவம் மனநிறைவை நேரடியாகக் கெடுப்பதைவிட, பள்ளியில் யார் தலையில் எந்த வேலை விழுகிறது என்பதன் வழியாகக் கெடுப்பதையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். எமிஸ் எனும் கல்வித்துறைத் தகவல் தளத்தில் பதிவேற்றம், உதவித்தொகை விண்ணப்பம், ஆதார் திருத்தம், நலத்திட்டப் பட்டியல் ஆகியவை பொறுப்பாகச் செய்பவரும் மறுத்துப் பேசாதவருமான ஒருவரையே தேடிவரும். அவருக்குக் கணினியும் தெரிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். பொறுப்புணர்வும் மனநிறைவும் சேர்ந்து கூடுகின்றன என்று காட்டிய மேற்கண்ட எண்கள், அந்தப் பொறுப்புணர்வுக்குப் பரிசாகக் கிடைக்கும் கூடுதல் வேலையைக் காட்டுவதில்லை.

எனவே உங்கள் கேள்வியை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் நேர்கண்ட உளவியலாளர் பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க், 1959இல் வெளியிட்ட முடிவில், மகிழ்ச்சி தருபவை வேலைக்குள்ளேயும் எரிச்சல் தருபவை வேலையைச் சுற்றியும் இருப்பதாகச் சொன்னார். நல்லதைத் தம் திறமைக்கும் கெட்டதை நிர்வாகத்துக்கும் ஏற்றிச் சொல்வது மனித வழக்கம் என்பதால் அந்த முடிவு விமர்சிக்கப்பட்டது, விமர்சனம் நியாயமானதே. ஆயினும் அந்தப் பிரிவினை உங்களுக்குப் பயன்படும், நினைவை நம்பாமல் அன்றன்றே குறித்துவைத்தால்.

தேர்வோ விழாவோ இல்லாத சாதாரணமான இரண்டு வாரங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நோட்டில், வகுப்பறைக்குள் நடந்தவற்றை இடப்பக்கமும் மற்றவற்றை வலப்பக்கமுமாக, ஒவ்வொரு மாலையும் ஓரிரு வரிகள் எழுதுங்கள். மின்சுற்றுப் பாடத்தில் கடைசி வரிசை மாணவன் ஒருவன் தானாக எழுந்து கேட்ட கேள்வி இடப்பக்கத்துக்கு உரியது. அதே நாளில் மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பப்பட்ட பட்டியல் வலப்பக்கத்துக்கு உரியது.

இடப்பக்கம் உயிரோடிருந்து வலப்பக்கம் கனத்தால், பணியை விடக் காரணமில்லை. தலைமையாசிரியரிடம் "என்னால் முடியவில்லை" என்று சொல்வதைவிட, ஜூன் மாதம் பொறுப்புகள் பகிரப்படும் கூட்டத்தில், பதிவேற்றப் பணிகள் சுழற்சி முறையில் எழுத்து வடிவில் ஒதுக்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். குறை சொல்வதாக அது ஒலிக்காது. அமைதியானவர்களுக்கும் சொல்ல எளிது.

இடப்பக்கமும் வறண்டிருந்தால், அது பணிச்சோர்வாக இருக்கலாம். உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகியோர் 1981இல் வெளியிட்ட அளவீடு அதன் மூன்று முகங்களைப் பார்க்கிறது: உள்ளம் வற்றிப்போதல், எதிரிலிருப்பவரை ஆளாகக் கருதாமல் விலகுதல், எதையும் சாதித்த உணர்வின்மை. மாணவர்களின் பெயர்கள் உங்களுக்கு வெறும் வரிசை எண்களாகத் தோன்றத் தொடங்கியிருந்தால், அதைப் பொருட்படுத்துங்கள். கோடை விடுமுறையிலும் தெளிவு வரவில்லை, தூக்கமும் பசியும் கெட்டிருக்கின்றன என்றால், அது பள்ளியைப் பற்றிய கேள்வியே அன்று. மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது டெலி மானஸ் எனும் அரசு மனநல உதவிச் சேவையின் கட்டணமில்லாத எண்ணான 14416ஐ அழையுங்கள்.

மாறுதல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் முன் அந்த நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வலப்பக்கமே உங்கள் சிக்கல் என்றால், நீங்கள் குறிவைக்கும் பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பதிவேற்றப் பணியை இப்போது யார் பார்க்கிறார்கள் என்று விசாரியுங்கள். அமைதியாக இருக்குமென்று சிறிய பள்ளியைத் தேர்ந்தெடுத்தால், அதே பதிவேடுகளை அங்கே இன்னும் குறைவான பேர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும்.