சன்ஸ்காரிலிருந்து லேவுக்குச் சாமான் வாங்கப் போன கதை: கேள்வி பதில்

லடாக்கின் சன்ஸ்கார் பள்ளத்தாக்கில், பதும் என்ற ஊரில் ஆறு குளிர்காலம் பள்ளி ஆசிரியராக இருந்தேன். லடாக்கின் பெரிய ஊரான லேவுக்கு நேர்ச் சாலை வருவதற்கு முன், ஊர்க்காரர்களோடு மூன்று முறை உறைந்த ஆற்றின் மேல் நடந்து போய்ச் சாமான் வாங்கி வந்திருக்கிறேன். கேளுங்கள். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஈரக் காலுறையோடு இருக்காதீர்கள்.

திருச்சியிலிருந்து: ஆற்றின் மேல் நடக்க வேண்டிய கட்டாயம் என்ன சார்? ரோடு இல்லையா?

இருந்தது, கார்கிலுக்கு. சுமார் 230 கி.மீ. நடுவில் பென்சி லா கணவாய், 4,400 மீட்டர் உயரம். பனி விழுந்தால் மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும். ஜனவரி, பிப்ரவரியில் சன்ஸ்கார் ஆறு உறையும். அந்த ஐஸ் பாதைக்குச் சாதர் என்று பெயர். போர்வை என்று பொருள். போகும்போது முதுகில் வெண்ணெய், லேயில் விற்க. வரும்போது தேயிலை, சர்க்கரை, சமையல் எண்ணெய், மருந்து. பிள்ளைகளை லே பள்ளிகளில் கொண்டுபோய் விட்டதும் இதே வழியில்தான். ஒரு பக்கத்துக்கே ஒரு வாரம் ஆகும்.

மதுரையிலிருந்து: ஐஸ் தாங்குமா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

நல்ல கேள்வி. முன்னால் போகிறவர் கையில் ஒரு கோல். தட்டிக்கொண்டே போவார். கெட்டியான இடம் கல்லைத் தட்டினாற்போல் கேட்கும். அடியில் தண்ணீர் வற்றி வெற்றிடம் இருந்தால் காலி டின்னைத் தட்டிய சத்தம். முந்தின இரவு வானம் தெளிவாக இருந்து குளிர் கடித்திருந்தால் பயமில்லை. மேகம் மூடினால் ஐஸ் இளகும். அப்போது இரவு தங்கும் கரையோரக் குகையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். புதுப்பனி காலுக்குப் பிடிமானம் தரும், ஆனால் ஓட்டையையும் மறைக்கும். நடை எப்படி என்றால், பாத்ரூம் ஈரத்தில் ரப்பர் செருப்போடு போவோமே, அப்படித் தேய்த்துத் தேய்த்து.

எனக்கு ஒருமுறை கால் தப்பியது. கெண்டைக்கால் வரை தண்ணீருக்குள் போய்விட்டேன். உடன் வந்த பெரியவர் எல்லோரையும் நிறுத்தினார். கரையில் ஒதுங்கிய சுள்ளிகளைப் பொறுக்கித் தீ மூட்டினார். என் காலுறையை அவரே கழற்றி, பாதங்களைத் துடைத்து, தன் கோன்சாவுக்குள் (அந்த ஊர்க் கம்பளி அங்கி) வயிற்றோடு அணைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதனால்தான் நான் எல்லோரையும் திட்டுகிறேன்.

கோவையிலிருந்து: என்ன ஷூ வாங்கலாம்?

கம்பூட். முட்டிக்குக் கீழ்வரை வரும் ரப்பர் பூட்ஸ்.

பெங்களூரிலிருந்து: தவறான அறிவுரை. ரப்பர் குளிரைத் தடுக்காது. நான் நார்வேயில் இருபதாயிரம் ரூபாய் ஷூவோடு நடந்தவன்.

நார்வேயில் நீங்கள் நடந்தது பனி மேல். சாதரில் கீழே எங்காவது ஐஸ் அடைத்துக்கொண்டால் ஆறு பொங்கி ஐஸின் மேலேயே ஓடும். கணுக்காலுக்கு மேல் தண்ணீர். உங்கள் ஷூ எவ்வளவு நல்லதானாலும் தண்ணீர் வாய்வழியாக உள்ளே போகும். ராத்திரி கருங்கல் ஆகிவிடும், காலையில் கால் நுழையாது. கம்பூட்டைக் கவிழ்த்துக் கொட்டித் துடைத்து, காய்ந்த காலுறை போட்டுக்கொண்டு கிளம்பலாம்.

பெங்களூரிலிருந்து: உட்கார்ந்திருக்கும்போது?

விறைக்கும், ஒப்புக்கொள்கிறேன். குகைக்குள் போட்டுக்கொள்ள உங்கள் இருபதாயிரத்தைப் பையில் எடுத்துப் போங்கள். சுமப்பது நீங்கள்தானே.

ஈரோட்டிலிருந்து: எத்தனை டிகிரி குளிர் இருக்கும்?

இரவில் மைனஸ் 25, சமயத்தில் 30.

நெல்லையிலிருந்து: காய்கறி, எண்ணெய் எல்லாம் உறையாதா?

உருளைக்கிழங்கு உறைந்து உருகினால் கொழகொழவென்று ஆகிவிடும். படுக்கைச் சுருட்டுக்கு நடுவில் வைப்போம். தேங்காய் எண்ணெயை மறந்துவிடுங்கள், அது நம் ஊர் மார்கழிக்கே உறைகிறது. கடுகெண்ணெய் பரவாயில்லை. மண்ணெண்ணெய் உறையாது, ஆபத்தே அதில்தான். மைனஸ் 25-லும் திரவமாக இருப்பதைக் கையில் சிந்திக்கொண்டால் தோல் அந்த இடத்திலேயே விறைத்துப் புண்ணாகும். கையுறையும் நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், காலுறை மாதிரியே.

வேலூரிலிருந்து: மலைநோய்க்கு எந்த மாத்திரை?

மருத்துவரைக் கேளுங்கள். லேவுக்கு விமானத்தில் போனால் முதல் இரண்டு நாள் சும்மா படுத்துக் கிடங்கள்.

சென்னையிலிருந்து: குளிர் எத்தனை டிகிரி சார்?

மேலே பாருங்கள்.

தஞ்சையிலிருந்து: இப்போதும் ஊர்க்காரர்கள் நடந்துதான் போகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. நிம்மு–பதும்–தார்ச்சா சாலை, 298 கி.மீ., 2024 மார்ச்சில் முழுதாக இணைந்தது. நிம்மு லேவுக்குப் பக்கத்து ஊர், தார்ச்சா மணாலிப் பக்கம். நிம்முவிலிருந்து வரும் சாலை சாதர் இருக்கும் அதே பள்ளத்தாக்கில்தான் போகிறது. பனிச்சரிவு விழுந்தால் வண்டி நிற்கும், மற்றபடி ஒரு வாரத்து நடை ஒரு நாளாகிவிட்டது. சாதர் அழிகிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் யாரும் காய்ச்சல்காரக் குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே பிப்ரவரியைக் கழித்தவர்கள் அல்லர்.

சேலத்திலிருந்து: டிசம்பரில் மணாலியிலிருந்து பைக்கில் போகலாமா?

பைக் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வழியில் வரும் ஷிங்கு லா கணவாய் 5,000 மீட்டருக்கு மேல். வேண்டாம்.

பெங்களூரிலிருந்து: சரி, கம்பூட் எங்கே வாங்குவது?

லே பஜாரிலேயே கிடைக்கும். இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். இறுக்கினால் ரத்தம் ஓடாது. பையில் நான்கு ஜோடி, பிளாஸ்டிக் கவரில் கட்டி.