ஆர்க்கிடெக்ட் சம்பளம் போதவில்லை, துறையை விட்டுவிடலாமா?

கேள்வி: கட்டடக்கலை முடித்து நான்கு வருடங்களாக ஒரு சிறிய அலுவலகத்தில் இருக்கிறேன். தினமும் பத்து, பதினோரு மணி நேர வேலை. என்னோடு பள்ளியில் படித்து வேறு துறைக்குப் போனவர்கள் இரண்டு மடங்கு வாங்குகிறார்கள். டிசைன் பிடிக்கும்தான், ஆனால் இந்தச் சம்பளத்தில் காலம் தள்ள முடியவில்லை. வேறு வேலைக்குப் போனால் படித்ததெல்லாம் வீணாகிவிடுமா?

பதில்: வீணாகாது. ஆனால் எங்கே போகலாம் என்று தேடுவதற்கு முன், பணம் எங்கே போகிறது என்று பார்த்துவிடுங்கள். அதைப் பார்க்காமல் அலுவலகம் மட்டும் மாறுகிறவர்கள், அடுத்த இடத்திலும் ஏறக்குறைய இதே சம்பளத்துக்குத்தான் போய் உட்காருகிறார்கள்.

ஆர்க்கிடெக்ட் கட்டணம் பெரும்பாலும் கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்றோ, மொத்தமாக இவ்வளவு என்றோ பேசப்படுகிறது. இரண்டிலுமே நீங்கள் உழைக்கும் மணிநேரத்துக்குக் கணக்கு இல்லை. கட்டணம் 100 என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரக்சுரல், எலெக்ட்ரிகல், பிளம்பிங் ஆலோசகர்களுக்கு 35 போகிறது. வாடகை, மென்பொருள் சந்தா, மற்ற செலவுகளுக்கு 25. மிச்சம் இருக்கும் 40-இல்தான் முதலாளியின் லாபமும் உங்கள் எல்லோருடைய சம்பளமும். இந்த நிலையில் கிளையண்ட் போன் செய்து, "டாய்லெட் சுவரை ஒரு அடி மட்டும் தள்ளிப் போடுங்களேன்" என்கிறார். அவர் கண்ணுக்குத் தெரிவது ஒரே ஒரு கோடு. உங்களுக்கோ பிளான், செக்‌ஷன், கதவு அட்டவணை, டைல்ஸ் லேஅவுட், குழாய் இறங்கும் ஷாஃப்ட், கீழ்த்தளத்து சீலிங் என்று எல்லாமே மாறும். இரண்டு நாள் வேலை. அதற்காக அந்த 40 என்பது 41 ஆவதில்லை. உங்கள் சாயங்காலங்கள்தான் போகின்றன.

ஒரு காலத்தில் சில நாடுகளில் இதற்குக் கீழே வாங்கக் கூடாது என்று ஒரு கட்டண வரம்பு இருந்தது. பிரிட்டனில் ஆர்க்கிடெக்ட் சங்கத்தின் கட்டாயக் கட்டண விகிதம் 1982-இல் போனது. அமெரிக்கச் சங்கம், உறுப்பினர்கள் விலை சொல்லிப் போட்டியிடுவதைத் தடுக்கக் கூடாது என்று 1972-இலேயே அரசிடம் ஒப்புக்கொண்டது. ஜெர்மனியில் சட்டம் போட்டே குறைந்தபட்சக் கட்டணம் வைத்திருந்தார்கள். அதுவும் ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானது என்று 2019-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. போட்டி வந்தால் கிளையண்டுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டணத்தில் அடித்த தள்ளுபடி கடைசியில் ஜூனியர் தலையில்தான் இறங்குகிறது. ஆகவே உங்கள் சம்பளத்தை வைத்து உங்கள் திறமையை எடை போடாதீர்கள்.

சரி, எங்கே போகலாம்? என்னைக் கேட்டால் முதலில் மேசைக்கு அந்தப் பக்கம், அதாவது கிளையண்ட் பக்கம் பாருங்கள். மருத்துவமனைக் குழுமம், ஹோட்டல் சங்கிலி, பல்கலைக்கழகம், கட்டுமான மேம்பாட்டு நிறுவனம் என்று தொடர்ந்து கட்டிக்கொண்டே இருப்பவர்களுக்கு, வரைபடத்தைப் படித்துக் கேள்வி கேட்கத் தெரிந்த ஆள் வேண்டும். தாமதமானால் நஷ்டம் அவர்களுக்கு. அதனால் அந்த நஷ்டத்தைத் தடுப்பவருக்குக் கொடுக்க மனம் வரும். நான் எட்டு வருட அலுவலக வாழ்க்கைக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்தவன். டிசைன் செய்யும் சுகம் குறைந்தது உண்மை. சனிக்கிழமைகள் திரும்பக் கிடைத்தன.

இரண்டாவது, பிம் (BIM) ஒருங்கிணைப்பு: எல்லோருடைய வரைபடங்களையும் ஒரே கணினி மாடலில் சேர்த்து, எது எதோடு இடிக்கிறது என்று பார்க்கும் வேலை. ஒரு கணக்குச் சொல்கிறேன். தளத்துக்குத் தளம் 3300 மி.மீ. பீம் 600 போனால் 2700. அதன் அடியில் ஏசி டக்ட் 450, அப்புறம் சீலிங் சட்டமும் விளக்கும் 150. மிச்சம் 2100. உங்கள் வரைபடமோ 2600 சீலிங் என்கிறது! மாடலில் இது தெரிந்தால் அரை மணி நேர மீட்டிங்கோடு முடியும். சைட்டில் தெரிந்தால் டக்டைப் பிரித்து மறுபடி போட வேண்டும், யார் காசு என்று சண்டை வேறு. அதனால்தான் பெரிய காண்ட்ராக்டர்கள் இதற்கென்றே ஆள் வைக்கிறார்கள். 2018-இல் பிம் வேலைக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 19650 வந்தபிறகு, பெரிய திட்டங்களின் ஒப்பந்தங்களிலேயே இந்த வேலைமுறையைக் கேட்பதும் உண்டு. ஒரு எச்சரிக்கை: ரெவிட் என்ற பிம் மென்பொருளில் மாடல் போட மட்டும் தெரிந்தால் அங்கேயும் ஆபரேட்டராகவே நின்றுவிடுவீர்கள். மோதல் எங்கே என்று காட்டுவதோடு நிற்காமல், எதை நகர்த்தலாம் என்றும் சொல்லத் தெரிய வேண்டும்.

முகப்புக் கண்ணாடி ஆலோசனை, எஸ்டிமேஷன், கட்டுமானப் பொருள் நிறுவனங்களில் தொழில்நுட்பப் பிரிவு, இவையும் நல்ல வழிகளே. ரெண்டரிங்கை (கட்டப்போகும் கட்டடத்தை நிஜம்போலக் காட்டும் படம்) மட்டும் நம்பிப் போக நான் சொல்ல மாட்டேன். படம் உருவாக்கும் ஏஐ அந்த விலையை இறக்கிக்கொண்டிருக்கிறது. ஆப், இணையதளங்களைப் பயன்படுத்த எளிதாக வடிவமைக்கும் யூஎக்ஸ் டிசைனுக்குப் பலர் போகிறார்கள், போகலாம். ஆனால் அதற்குப் போர்ட்ஃபோலியோவைப் புதிதாகக் கட்ட வேண்டும், ஒரு வருடமாவது ஒதுக்குங்கள். (வேலைத் தளத்தில் 'ஆர்க்கிடெக்ட்' என்று தேடினால் பாதி மென்பொருள் வேலைகளாக வந்து நிற்கும், ஏமாந்துவிடாதீர்கள்.) கட்டடக்கலையில் முதுகலை முடித்த வெர்ஜில் அப்லோ, லூயி விட்டான் ஃபேஷன் நிறுவனத்தில் ஆண்கள் பிரிவின் தலைமை வடிவமைப்பாளர் ஆனார். கேட்க உற்சாகமாக இருக்கும், ஆனால் அதை நம்பி ராஜினாமா எழுத முடியாது. கடன் வாங்கி இன்னொரு பட்டம் படிப்பதையும் கடைசிக்கு வையுங்கள்.

ராஜினாமாவுக்கு முன் இரண்டு மாதம் ஒரு நோட்டில் மணிநேரத்தை எழுதுங்கள்: எந்த வேலை, எத்தனை மணி, அதில் கிளையண்ட் மாற்றத்துக்காகப் போனது எவ்வளவு. சம்பளத்தை அந்த உண்மையான மணிநேரத்தால் வகுத்துப் பாருங்கள். நோட்டோடு முதலாளியிடம் போய், மூன்றாவது திருத்தத்துக்கு மேல் தனிக் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் சேர்க்கலாமா என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் சம்பள உயர்வு பேச இடம் கிடைக்கும். சிரித்து அனுப்பிவிட்டால், அதே நோட்டிலிருந்து உங்கள் சுயவிவரத்தை எழுதுங்கள். 'ஆறு வீடுகள் டிசைன் செய்தேன்' என்பதைவிட 'நான்கு ஆலோசகர்களின் வரைபடங்களை ஒருங்கிணைத்தேன், சைட் சந்தேகங்களுக்கு நானே பதில் கொடுத்தேன்' என்ற வரிக்குத்தான் அந்தப் பக்கத்தில் மதிப்பு. எந்த வேலைக்குப் போனாலும் ஆர்க்கிடெக்ட் பதிவை மட்டும் காலாவதியாக விடாதீர்கள்.